திருநெல்வேலில அப்படி என்னதான் தொழில் இருக்கு? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

பாளையங்கோட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினெட்டு வருசமா கணக்கு எழுதுதேன். பலசரக்குக் கடை, வாழைத்தார் யாவாரி, லாரி வச்சிருக்கவர், நர்சிங் ஹோம், பந்தல் கான்ட்ராக்டர், பாத்திரக்கடைன்னு எல்லார் கணக்கும் என் மேசை மேல ஏறித்தான் இறங்கும். அதனால சென்னையில இருந்து வர்ற சொந்தக்காரங்க, படிப்பு முடிச்ச பிள்ளைங்க, ஊருக்குத் திரும்பி வந்து கடை போடலாமான்னு யோசிக்கிறவங்க எல்லாரும் என்கிட்டத்தான் கேக்காங்க. கேள்வியும் பெரும்பாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன்.

திருப்பூர்னா பனியன், சிவகாசின்னா பட்டாசு. திருநெல்வேலின்னா அல்வா மட்டும்தானா?

இல்லைங்க. அல்வா ஊருக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சு, ஊருக்குச் சோறு போடுறது வேற பல தொழில். பேட்டையில எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு இருக்கு, அதைச் சொன்னா உங்களுக்கே புரியும். ஆச்சி திண்ணையில உக்காந்து பீடி சுத்துதாங்க, மகன் தாழையூத்துப் பக்கம் லாரி ஓட்டுதார், மருமக ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேல, பெரிய பேத்தி கங்கைகொண்டான் சோலார் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போறா, பின்னால தொழுவுல ரெண்டு ஆடு நிக்கி, அது பக்ரீத்துக்கு விக்கிறதுக்கு. ஒரே ரேஷன் கார்டு, அதுல அஞ்சு வகை வருமானம். இதுதான் திருநெல்வேலி. ஒரு தொழில் படுத்தா இன்னொண்ணு அந்த வீட்டத் தாங்கிக்கிடும். திருப்பூர்ல ஆர்டர் குறைஞ்சா ஊரே பேசும், இங்க ஒண்ணு குறைஞ்சா அந்தத் தெருவுக்கு மட்டும்தான் வலிக்கும். ஆனா இதுல ஒரு குறையும் இருக்கு, எந்தத் தொழிலும் தனியா நின்னு ஒரு குடும்பத்தத் தூக்கி விடுற அளவுக்குச் சம்பளம் குடுக்கிறதில்ல. இந்த ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்.

இவ்வளவு தொழில் எப்படி ஒரே ஊர்ல வந்து சேந்துச்சு?

முதல் காரணம் ஆறு. தாமிரபரணி பொதிகை மலையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருது, முழுக்க நம்ம தமிழ்நாட்டுக்குள்ளயே ஓடுற வத்தாத ஆறு, தென்மேற்குப் பருவமழை வடகிழக்குப் பருவமழை ரெண்டுலயும் தண்ணி வாங்கும். கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு. ஒவ்வொரு அணைக்கட்டுல இருந்தும் கால்வாய், கால்வாய்க்கு ரெண்டு பக்கமும் வயல், வயலுக்கு நடுவுல அக்ரகாரம், நெசவுத்தெரு, குயவர் தெரு. நெல்லும் வாழையும் விளையிற ஊர்ல கையில காசு புழங்கும், காசு புழங்குன எடத்துல கடை வரும், அவ்வளவுதான் கதை.

ரெண்டாவது நெல்லையப்பர் கோயில். நாலு ரத வீதியும் இன்னைக்கும் கடைவீதிதான். ஆனித் தேருக்கு வர்ற கூட்டத்துக்காகவே சரக்கு எடுக்கிற கடைக்காரங்க உண்டு. 1924ல ஆர்எம்கேவி ஜவுளிக்கடை பொறந்தது கோயிலச் சுத்தி இருக்கிற இந்தத் திருநெல்வேலி டவுன்லதான்.

மூணாவது பாலம். 1843 வரைக்கும் டவுன் ஆத்துக்கு இந்தப் பக்கம், பாளையங்கோட்டை அந்தப் பக்கம், தண்ணி வந்தா ரெண்டும் வேற வேற ஊரு. வெள்ளக்காரர் காலத்துல கலெக்டர் ஆபீஸ் அதிகாரியா, அதாவது சிரஸ்தாரா இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தப் போட்டுப் பாலம் கட்டிக் குடுத்தார். டவுன் யாவாரமும் பாளையங்கோட்டை ஆபீஸ், பள்ளிக்கூடங்களும் ஒண்ணாச் சேந்தது அதுக்கப்புறம்தான். தினமும் அந்தப் பாலத்து மேலதான் ஆபீசுக்குப் போறேன், ஒரு மனுசன் காசு ஒரு ஊரோட பொருளாதாரத்தையே மாத்திருக்குன்னு நினைச்சா இன்னைக்கும் நெஞ்சு நிறைஞ்சு போவுது.

விவசாயம் இன்னும் இருக்கா, இல்ல எல்லாம் பிளாட் ஆயிட்டா?

நெறைய பிளாட் ஆயிட்டு, அத மறைக்க முடியாது. சுத்தமல்லி, தச்சநல்லூர், மகராஜநகர் பக்கமெல்லாம் நான் சின்னப் பிள்ளையில வயலாப் பாத்த எடம் இப்ப தெரு நம்பரோட நிக்கி. ஆனா கால்வாய்ப் பாசனம் இன்னும் உயிரோட இருக்கு. கார், பிசானம்னு ரெண்டு பூ, அதாவது ரெண்டு போகம் நெல்லு. ஜூன்ல பாபநாசம் அணையில தண்ணி ஏறினா கார் நடவு, அக்டோபருக்கு மேல பிசானம். அதான் எங்க ஊர்ல டீக்கடையில கூட பாபநாசம் 143 அடில எத்தனை அடி இருக்கு, மணிமுத்தாறு 118ல எவ்வளவுன்னு பேசிக்கிடுவாங்க. அணை நிரம்புனா விதைநெல் கடைக்காரர் முகம் மட்டும் இல்ல, நகைக்கடைக்காரர் முகமும் தெளிஞ்சிரும்.

வாழை இன்னொரு பெரிய வரவு. களக்காடு பக்கம் ஏத்தன், அதாவது நேந்திரன் வாழை போடுறவங்க ஓணத்த மனசுல வச்சுத்தான் நடுவாங்க, தார் மலையாளத்துக்குப் போவும். காய் மட்டும் இல்ல, இலை தனி யாவாரம். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் இலைக்கட்டு வெலை கேட்டா மலைப்பா இருக்கும். ஆனா ஒரு காத்து அடிச்சா போச்சு, குலை தள்ளுன நேரத்துல வாழை சாஞ்சதுன்னா அந்த வருசம் முழுக்கக் கடன்தான். ஒரு அண்ணாச்சி கணக்கு நான் பாக்கேன், நாலு வருசத்துல ரெண்டு வருசம் லாபம், ரெண்டு வருசம் காத்து.

காய்கறி மொத்த யாவாரத்துக்கு டவுன் நயினார்குளம் மார்க்கெட், ஆடு மாட்டுக்கு மேலப்பாளையம் சந்தை, செவ்வாய்க்கிழமை கூடும்.

சரி, அல்வா பத்திச் சொல்லுங்க.

சம்பா கோதுமைய ஊறப் போட்டு அரைச்சுப் பால் பிழிஞ்சு, அந்தப் பால ராத்திரி முழுக்கத் தெளிய வச்சு, மறுநாள் சீனிப்பாகுல ஊத்திக் கிண்டுவாங்க, நெய்ய ஊத்தி ஊத்தி மணிக்கணக்கா. கிண்டுறவர் கை நிக்கவே கூடாது. நெய் கக்குற பதம் வந்ததும் இறக்கணும், கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் ருசி மாறிரும். கோயில் எதிர்த்தாப்புல இருட்டுக்கடைல சாயங்காலம் கடை திறக்கிறதுக்கு முன்னாலயே வரிசை நிக்கும், இலையில வச்சுக் குடுக்கிற சூடான துண்டு விரல்ல ஒட்டாம வழுக்கிக்கிட்டு உள்ள போயிரும். ஆத்துத் தண்ணிதான் ருசின்னு எங்க ஊர்க்காரங்க எல்லாரும் சொல்லுவோம், நானும் நம்புதேன்.

தொழிலாப் பாத்தா, அல்வாவுல பொழைக்கிறது அல்வாக் கடைக்காரர் மட்டும் இல்ல. டப்பா செய்றவர், விறகு போடுறவர், ஜங்ஷன்ல ஆட்டோ ஓட்டுறவர், பஸ் ஸ்டாண்டுல பாக்கெட் விக்கிற பையன்னு ஒரு சங்கிலி இருக்கு.

பீடித்தொழில் இன்னும் நடக்குதா? அது கெட்ட தொழில் இல்லையா?

நடக்குது. மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், அப்படியே தென்காசி மாவட்டத்துல ஆலங்குளம், கடையம் வரைக்கும் நீங்க எந்தத் தெருவுல மத்தியானம் நடந்தாலும் திண்ணையில சுளவ (முறத்த) மடியில வச்சுக்கிட்டுப் பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. என் சின்னம்மை முப்பது வருசத்துக்கு மேல சுத்துனாங்க. முந்தின நாள் ராத்திரியே இலைய நனைச்சு ஈரத்துணில சுத்தி வச்சிருவாங்க, காலையில தகட்ட இலை மேல வச்சுக் கத்திரியால அளவா வெட்டுவாங்க, தூள ஒரு சிட்டிகை போட்டு உருட்டி, நூலச் சுத்தி, முனைய நகத்தால மடக்கி உள்ள தள்ளுவாங்க. கண்ணு டிவியில இருக்கும், வாய் அடுத்த வீட்டு மைனிகூடப் பேசிக்கிட்டு இருக்கும், கை மட்டும் தனியா ஓடும். ஒரு நாளைக்கு 500, 700, வேகமான கையா இருந்தா 1000. இலை நம்ம ஊர்ல விளையிறது இல்ல, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா பக்கத்துக் காட்டுல இருந்து வருது. சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டு போனா எண்ணிப் பாத்து, சரியில்லாதத ஒதுக்கிட்டு மிச்சத்துக்குக் கூலி. ஒதுக்குற பீடிக்குக் கூலி கெடையாது, ஆனா அதுக்கும் இலை செலவாயிருக்கும், அந்தக் குறையும் சுத்துறவங்க தலையிலதான். சின்னம்மை அழுது நான் பாத்திருக்கேன்.

கெட்டதான்னு கேட்டா, புகையிலைத் தூசி நெஞ்சுக்குக் கெடுதி, குனிஞ்சே உக்காந்து இடுப்பு போயிரும், பீடி குடிக்கிறவருக்கும் கேடு. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா வெளிய வேலைக்கு அனுப்பாத வீட்டுல ஒரு பொம்பளை தன் கையால சம்பாதிச்ச முதல் காசு இதுதான். 1966ல வந்த பீடித் தொழிலாளர் சட்டத்துக்கப்புறம் பீடிக் கம்பெனி பாஸ் புக் இருக்கிறவங்களுக்கு பிஎஃப், போனஸ், பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப், முக்கூடல்ல தனி ஆஸ்பத்திரின்னு வந்துச்சு. அந்த பிஎஃப்ல நகை எடுத்து மகள் கல்யாணம் முடிச்சவங்க எத்தனையோ பேர். பாஸ் இல்லாம இன்னொருத்தி பேர்ல சுத்துறவங்களுக்கு ஒண்ணும் கெடையாது, அவங்களப் பத்தி யாரும் பேசுறதும் இல்ல. மாற்று வேலை குடுக்காம தொழில மட்டும் மூடுன்னு சொல்லுறவங்க ஒரு நாள் அந்தத் திண்ணையில வந்து உக்காந்து பேசணும்.

பத்தமடைப் பாய், கைத்தறி இதெல்லாம் ஓடுதா?

ஓடுது, மெதுவா. பத்தமடையில லெப்பைக் குடும்பத்துப் பொம்பளைங்க வீட்டுல தறி வச்சு நெய்யுதாங்க. ஆத்தங்கரைக் கோரைய அறுத்துக் காய வச்சு, ஓடுற தண்ணியில ஊறப் போட்டு, முடி மாதிரி மெலிசாக் கிழிச்சு, பருத்தி நூல் பாவுல கோத்து நெய்றது. நல்ல பட்டுப்பாய வேட்டி மாதிரி மடிச்சுக் கைக்குள்ள வச்சிரலாம். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரப் போட்டு நெய்து வாங்குறது இன்னும் உண்டு. புவிசார் குறியீடு கெடைச்சிருக்கு. வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கும் 2023ல கெடைச்சுது. ஆனா குறியீடு சர்ட்டிபிகேட்டா சுவத்துல தொங்குனா பத்தாது, பிளாஸ்டிக் பாய் விக்கிற வெலைக்கு ஒரு பட்டுப்பாயக் கேக்கிறவங்க இருக்கிற வரைக்கும் அடுத்த தலைமுறை தறியில உக்காராது. நெய்றவங்ககிட்ட நேரா வாங்குங்க, பேரம் பேசாதீங்க, இத நான் கேட்டுக்கிடுதேன்.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், கல்லிடைக்குறிச்சி அப்பளம், காருக்குறிச்சி மண்பானை எல்லாம் அதே ஆத்தங்கரைதான். ஒரே பஸ் ரூட்ல எல்லாத்தையும் பாத்திரலாம்.

பெரிய கம்பெனின்னு எதாவது உண்டா?

உண்டு, பழசும் புதுசுமா. பாபநாசத்துல அருவித் தண்ணி வேகத்த வச்சு வெள்ளக்காரர் ஹார்வி சகோதரர்கள் 1880கள்ல நூற்பாலை போட்டாங்க, விக்கிரமசிங்கபுரம் வளந்ததே அந்த மில்லாலதான். தாழையூத்து சங்கர்நகர்ல 1949ல இந்தியா சிமெண்ட்ஸ் உற்பத்தி ஆரம்பிச்சுது, அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லுதான் காரணம். 2024 கடைசில அந்த நிறுவனம் அல்ட்ராடெக் கைக்குப் போயிட்டு.

இப்ப எல்லாரும் பேசுறது கங்கைகொண்டான் சிப்காட். டிராக்டர், மண் அள்ளுற வண்டிக்கு டயர் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புற ஆலை அங்கன பல வருசமா ஓடுது. டாட்டா பவர் சோலார் ஆலை 4.3 ஜிகாவாட் அளவு, 2025 பிப்ரவரில முதலமைச்சர் திறந்து வச்சார். அதுல வேல பாக்கிறதுல பெரும்பகுதி பொண்ணுங்க. காலையில கம்பெனி பஸ்ஸு வண்ணார்பேட்டையில நிக்கிறப்ப நீலக் கலர் யூனிபார்ம்ல ஏறுற பிள்ளைங்கள்ள பாதிப்பேர் பீடி சுத்துன அம்மாமாரோட மகளுங்கதான். எங்க ஊர்ல என் கண்ணு முன்னால நடந்த பெரிய மாத்தம்னா இதத்தான் சொல்லுவேன்.

தெக்க போனா கரண்டு. கூடங்குளத்துல 1000 மெகாவாட் உலை ரெண்டு ஓடுது, இன்னும் நாலு கட்டுதாங்க. வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துக்குக் காத்தாடி காடு மாதிரி நிக்கி, மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் நல்லாச் சுத்தும். மகேந்திரகிரியில இஸ்ரோ ராக்கெட் இஞ்சின் சோதனை பண்ணுது. உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு இதுல எத்தனை நிரந்தர வேல கெடைச்சுதுன்னு கேட்டா, கான்ட்ராக்ட் வேலதான் அதிகம்னு என் மேசைக்கு வர்ற சம்பளக் கணக்குகள் சொல்லுது.

ஐ.டி. வேல கெடைக்குமா?

கொஞ்சம். வீட்டுல இருந்து வேல பாக்கிறவங்க கொரோனாவுக்கு அப்புறம் கூடியிருக்காங்க. கூட்டமாப் பிள்ளைங்கள எடுக்கிற அளவுக்கு இன்னும் வரல, அதுக்குச் சென்னை, பெங்களூர்தான்.

ஆஸ்பத்திரியும் காலேஜும் தொழில்ல சேருமா?

கண்டிப்பாச் சேரும், சொல்லப்போனா நகரத்துக்குள்ள முதல் எடம் அதுக்குத்தான். பாளையங்கோட்டையத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு சொல்லுறது சும்மா இல்ல. ஜான்ஸ், சாராள் தக்கர், 1923ல வந்த சவேரியார் காலேஜு, காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பழைய பள்ளிக்கூடம், 1960கள்ல சித்த மருத்துவக் கல்லூரியும் ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜும், 1990ல அபிஷேகப்பட்டியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஒரு காலேஜு இருந்தா அதச் சுத்தி ஹாஸ்டல், மெஸ்ஸு, ஜெராக்ஸ் கடை, டைப்பிங், தையல்கடை, ஷேர் ஆட்டோ. ஜூன் மாசம் என் ஆபீஸ்ல எல்லா ஜெராக்ஸ் கடைக் கணக்கும் துள்ளும், மே மாசம் படுத்துரும்.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துல இருந்தெல்லாம் நோயாளி வாராங்க, கூட வர்றவங்க லாட்ஜுல தங்குவாங்க, இட்லி வாங்குவாங்க, ஊருக்குப் போறப்ப துணிமணி எடுத்துட்டுப் போவாங்க. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமாப் பிரிஞ்சப்ப டவுன் யாவாரம் போயிரும்னு பயந்தாங்க. கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு வர்ற கூட்டம் குறைஞ்சுது, கல்யாண ஜவுளிக்கும் வைத்தியத்துக்கும் வர்ற கூட்டம் குறையல.

மாஞ்சோலை டீ எஸ்டேட்?

1929ல சிங்கம்பட்டி ஜமீன் ஒரு தனியார் கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் குடுத்த காடு. கம்பெனி 2024லயே தொழிலாளிங்கள விருப்ப ஓய்வு குடுத்து இறங்கச் சொல்லிட்டு. மூணு நாலு தலைமுறையா அங்கனயே பொறந்து வளந்தவங்க. கீழ வந்து எந்த வேலைக்குப் போவாங்கன்னு கேக்கிறவங்களுக்கு என்கிட்ட ஆறுதலா ஒரு பதிலும் இல்ல.

வெளியூர்ல இருக்கிறவங்க அனுப்புற காசு எவ்வளவு முக்கியம்?

ரொம்ப முக்கியம். சென்னையில எந்தத் தெருவுல போனாலும் அண்ணாச்சி பலசரக்குக் கடை ஒண்ணு இருக்கும், அதுல பாதி நம்ம சீமைதான். மேலப்பாளையத்துல வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சவூதி. அந்தக் காசு இங்கன வீடாவும் கோயில் கொடையாவும் வந்து இறங்கும்.

கொடைய வெளியூர்க்காரங்க திருவிழான்னு மட்டும் நினைப்பாங்க. எங்க பந்தல் கான்ட்ராக்டரோட நோட்டப் பாத்தா தெரியும். ஒரு சின்ன ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் பந்தல், சீரியல் லைட், ரேடியோ செட்டு, நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, பூ, வாழைமரம், கிடா, சமையல்காரர், வாடகைப் பாத்திரம், வேன். எல்லாத்துக்கும் முன்பணம், எல்லாம் ஊர்வரி போட்டுப் பிரிச்ச காசு, அந்த வரியில பெரிய தொகை சென்னைல கடை வச்சிருக்கவர் அனுப்புனது. ஆடி மாசம் எத்தனை ஊர்ல கொடைன்னு எண்ணிப் பாத்தா, எத்தனை கலைஞர் குடும்பத்துக்கு வருசச் சோறு அந்த ஒரு மாசத்துலன்னு புரியும்.

2023 வெள்ளத்துக்கு அப்புறம் யாவாரம் தேறிட்டா?

டிசம்பர் 17, 18. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கிட்டு, சுத்தி இருந்த கடையெல்லாம் ஷட்டர் வரைக்கும் தண்ணி. ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி சேறு பூசின பில் புக்கு, பர்ச்சேஸ் பைல் எல்லாத்தையும் சாக்குல கொண்டு வந்து என் முன்னால வச்சார். ஆபீஸ் மொட்டை மாடியில கயிறு கட்டி, துணி காயப் போடுற மாதிரி பில்லக் காயப் போட்டோம், மூணு நாள். பாதி மை ஓடிப் போச்சு. சரக்குக்கு இன்சூரன்ஸ் இல்ல. பெரிய கடைங்க ஆறு மாசத்துல எழுந்துட்டாங்க, தள்ளுவண்டியும் பெட்டிக்கடையும் வச்சிருந்தவங்கள்ள சில பேரு திரும்ப வரவே இல்ல. கடை போடுறவங்க எல்லார்கிட்டயும் இப்ப நான் முதல்ல கேக்கிறது இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களான்னுதான்.

ஊருக்கே வந்து எதாவது தொழில் பண்ணலாம்னு இருக்கேன், பண்ணலாமா?

பண்ணுங்க, ஆனா ஆடம்பரமா ஆரம்பிக்காதீங்க. இங்க ஜனங்க புதுக்கடைய மூணு மாசம் வெளிய நின்னே பாப்பாங்க, பழகுன பிறகு தலைமுறைக்கும் விடமாட்டாங்க. வாடகை டவுன் ரத வீதியில கூட, தியாகராஜநகர், கே.டி.சி. நகர்ப் பக்கம் கொஞ்சம் தாங்கும். விளைபொருள அப்படியே விக்காம மாத்தி விக்கிற தொழில் எடுத்தா நல்லதுன்னு என் அனுபவம் சொல்லுது. ஏத்தன் வாழை இங்க விளையுது, சிப்ஸ் பாக்கெட்டு நாகர்கோவில்ல இருந்து வருது. முருங்கைக்காய் திசையன்விளையில விளையுது, முருங்கைப் பொடி ஆன்லைன்ல வேற ஊர்ப் பேர்ல விக்கி.

ஒரு நாள்தான் லீவு. இதெல்லாம் நேர்ல பாக்கணும்னா எங்க போகட்டும்?

விடியக்காலம் நயினார்குளம் மார்க்கெட், லோடு இறங்குறப்பவே போயிரணும். அங்கன டீ குடிச்சிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறுங்க, பத்தமடையில இறங்கிப் பாய் நெய்ற வீட்டுல சொல்லிட்டு உள்ள போய்ப் பாருங்க, போட்டோ எடுக்கக் கேட்டுக்கிடுங்க. அடுத்து வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. மத்தியானம் திரும்பி மேலப்பாளையம், செவ்வாய்க்கிழமையா இருந்தா சந்தைய முன்னாலயே பாத்திருங்க. சாயங்காலம் டவுன், நெல்லையப்பர் கோயில், அல்வா வரிசை. ஞாயித்துக்கிழமைன்னா ராத்திரி ஜங்ஷனுக்கு வந்து சென்னை ரயில் கெளம்புற பிளாட்பாரத்துல அரை மணி நேரம் நில்லுங்க. ஜன்னல் வழியா அம்மா ஒரு பையத் திணிப்பாங்க, உள்ள முறுக்கும் ஊறுகாயும் இருக்கும், மகன் "போதும்மா, போதும்மா"ன்னு சொல்லிக்கிட்டே வாங்கி வச்சுக்கிடுவான்.